காசநோயின் அடையாளங்களும் நம் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற சுகாதாரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா என்றவுடன் இசையும் நாடகமும் பட்டிமன்றமும் நினைவுக்கு வருவது இயல்பு. அவற்றினிடையே ஒரு நோயைப் பற்றி அரைமணி நேரம் பேசவேண்டுமென்று செயற்குழுவினர் மருத்துவத் தொழிலில் இருக்கும் என்னைப் பணித்திருக்கிறார்கள். மங்கலமான நாளில் நோயின் பெயரை உச்சரிக்கலாமா என்று தயங்குவோரும் உங்களில் இருக்கக்கூடும். ஆனால் பெயரை உச்சரிக்கத் தயங்கித் தயங்கியே நாம் வளர்த்துவிட்ட நோய் இது. ஆகையால் முதலிலேயே பெயரைச் சொல்லிவிடுகிறேன். நான் பேசப்போவது நுரையீரலைப் பற்றும் காசநோய். க்ஷயம் என்றும், எலும்புருக்கி நோய் என்றும் நம் முன்னோர் அஞ்சிய அந்த நோய்.

அது பழங்கதையாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-ம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 8 லட்சம் மக்கள் இந்நோய்க்கு ஆளாயினர். 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் மாண்டனர். நோயுற்றவர்களில் நான்கில் ஒருவருக்கும் சற்று அதிகமானோர் இந்தியர். மருந்தில்லாத நோயாயின் விதியென்று விட்டுவிடலாம். மருந்து இருக்கிறது, அரசு அதை இலவசமாகவும் தருகிறது. அப்படியிருந்தும் இத்தனை பேர் இறப்பானேன்? அதற்குத் தலையாய காரணங்களில் ஒன்று, நோயை நேரத்தில் அடையாளம் கண்டுகொள்ளாமை. ஆகவே அடையாளங்களைப் பற்றியே இன்று விரிவாகப் பேச விழைகிறேன்.

1882-ம் ஆண்டு மார்ச்சு 24-ம் நாள், பெர்லின் நகரில் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர், இந்நோய்க்குக் காரணம் ஒரு நுண்கிருமியே என்று உலகுக்கு அறிவித்தார். அந்நாளே இன்று உலகக் காசநோய் தினமாகக் கொண்டாடப்படுகிறது. பாவத்தின் பலனென்றும், குலத்தின் சாபமென்றும், பரம்பரை வியாதியென்றும் சொல்லிவந்த கூற்றுகளுக்கெல்லாம் அன்றே ஆதாரம் போயிற்று. நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் உரக்கப் பேசும்போதும் கிருமிகள் காற்றில் கலக்கின்றன. அக்காற்றைச் சுவாசிப்பவர் உடலில் அவை புகுகின்றன. புகுந்த மாத்திரத்தில் எல்லாருக்கும் நோய் வந்துவிடுவதில்லை. கிருமி புகுந்தோரில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் என்றேனும் நோயாக வெளிப்படுகிறது. மற்றவர்களின் உடல், கிருமியைச் சிறைப்படுத்தி வைத்துவிடுகிறது. ஊட்டக்குறைவு, நீரிழிவு, புகைப்பழக்கம், மதுப்பழக்கம், எச்.ஐ.வி. தொற்று ஆகியவை அச்சிறையின் கதவைத் திறந்துவிடக்கூடியவை.

இனி அடையாளங்களைப் பார்ப்போம்.

முதல் அடையாளம் இருமல். இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் எந்த இருமலும் சோதிக்கப்படவேண்டிய இருமல் என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். சாதாரணச் சளியினால் வரும் இருமல் பெரும்பாலும் இரண்டு வாரத்திற்குள் தணிந்துவிடும். ஆனால் நாம் செய்வது என்ன? இவ்வூர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறோம், ஆலைப் புகை என்கிறோம், தூசி என்கிறோம், பீடி பிடிப்பவருக்கு இருமல் வருவது சகஜந்தானே என்கிறோம். சுக்குக் கஷாயம் ஒரு வாரம், கடையில் வாங்கிய இருமல் மருந்து ஒரு வாரம், பழைய சீட்டைக் காட்டி வாங்கிய மாத்திரை ஒரு வாரம் என்று மாதங்கள் உருண்டோடிவிடுகின்றன. கஷாயம் குடிப்பதில் குற்றமில்லை. அதைக் குடித்துக்கொண்டு சோதனையை ஒத்திப்போடுவதே ஆபத்து. மருத்துவரைக் கேளாமல் சாப்பிடும் சில கிருமிக்கொல்லி மாத்திரைகள் காசநோயைச் சிறிது காலம் அடக்கிக் காட்டி, பின்னர் நடக்கும் சோதனையையும் ஏமாற்றிவிடக்கூடும்.

இரண்டாவது அடையாளம் காய்ச்சல். அனல் பறக்கும் காய்ச்சலாகத்தான் இருக்கவேண்டுமென்பதில்லை. காலையில் உடம்பு குளிர்ந்திருக்கும், மாலை விளக்கு வைக்கும் வேளையில் இலேசாகச் சுடும், கண் எரியும், படுத்தால் போதும் என்றிருக்கும். வேலை அலுப்பு, இரவு ஷிப்டின் களைப்பு என்று அதற்குப் பெயர் சூட்டிவிடுகிறோம். வீட்டில் ஓர் உஷ்ணமானி வைத்துக்கொண்டு, சந்தேகப்படுபவரின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் ஒரு வாரம் குறித்து வாருங்கள். அந்தத் துண்டுக் காகிதம் மருத்துவருக்குப் பெரிய உதவியாகும்.

மூன்றாவது, இரவில் வியர்த்தல். கோடையில் எல்லோருக்கும் வியர்க்கும். ஜனவரி மாதக் குளிரில் தலையணை உறையும் பனியனும் நனையுமளவுக்கு ஒருவருக்கு வியர்த்தால், அதற்குக் காரணம் தேடவேண்டும்.

நான்காவது, உடல் மெலிதல். எலும்புருக்கி என்னும் பெயர் இதனால் வந்ததே. பசி குன்றும், பிடித்த பண்டமும் கசக்கும். நாள்தோறும் பார்க்கும் முகமாதலால் வீட்டாருக்கு மெலிவு தெரியாது; விடுமுறைக்கு வந்த உறவினர்தான் முதலில் திடுக்கிடுவார். தராசு இல்லாவிட்டாலும் கவனிக்க வழி உண்டு. கையிலிருந்து வளையல் தானே கழல்கிறதா? ரவிக்கை தளர்ந்துவிட்டதா? இடுப்புப் பட்டைக்குப் புதிதாக ஒரு துளை இடவேண்டியிருக்கிறதா? முயற்சியில்லாமல் உடல் இளைப்பது மகிழத்தக்க செய்தியன்று.

ஐந்தாவது, சளியில் இரத்தம். திரைப்படங்களில் கதாநாயகன் கைக்குட்டையில் இருமி, அதில் சிவப்பைக் கண்டு கலங்கும் காட்சி நம் மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. அதனால், இரத்தம் வராதவரை இது காசநோயன்று என்னும் தவறான எண்ணமும் பதிந்துவிட்டது. உண்மை வேறு. காசநோயாளிகள் பலருக்கு இரத்தம் வருவதேயில்லை. வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். வரட்டும் என்று காத்திருத்தல் கூடாது.

இவற்றோடு, மூச்சை ஆழ இழுக்கும்போது மார்பில் குத்தல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல், காரணமற்ற சோர்வு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லா அடையாளங்களும் ஒருவரிடம் ஒருங்கே தோன்றவேண்டுமென்பதில்லை. ஒன்றிருந்தாலும் சோதனைக்கு அது போதிய காரணமே.

நண்பர்களே, அடையாளம் என்பது வேறு, முடிவு என்பது வேறு. இதற்கு நாம் அனைவரும் அறிந்த ஒரு மாமேதையின் வரலாற்றையே சான்றாகக் கூறலாம். கணிதமேதை இராமானுஜன் 1917-ல் இங்கிலாந்தில் நோயுற்றார். காய்ச்சலும் மெலிவும் கண்ட மருத்துவர்கள் காசநோய் என்று கருதிப் பல சிகிச்சை நிலையங்களில் அவரை வைத்திருந்தனர். அவற்றுள் மெண்டிப் குன்றுகளில் இருந்த ஒன்றை நடத்தியவர் டாக்டர் சௌரிமுத்து என்னும் இந்தியர். 1928-ல் தாம்பரத்தில் புகழ்பெற்ற காசநோய் மருத்துவமனையை நிறுவியவரும் அவரே. இராமானுஜன் 1919-ல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் சென்னைச் சேத்துப்பட்டில் தம் 32-வது வயதில் மறைந்தார். 1994-ல் அவருடைய நோய்க் குறிப்புகளை மீண்டும் ஆராய்ந்த யங் என்பவர், அது காசநோயாக இல்லாமல், ஈரலைப் பற்றிய அமீபா நோயாக இருந்திருக்கக்கூடும் என்று கருதினார். அது மெய்யாயின், அந்நாளிலேயே சிகிச்சைக்கு வழியிருந்த நோய் அது. காய்ச்சலும் மெலிவும் பல நோய்களுக்குப் பொது. ஆகவே அடையாளத்தைக் கண்டு அஞ்சி ஒளிவதும் தவறு; அடையாளத்தை மட்டும் நம்பி முடிவு கட்டுவதும் தவறு. சோதனைதான் தீர்ப்புக் கூறவேண்டும்.

அந்தச் சோதனை எளியது. சளிதான் சாட்சி. இரண்டு மாதிரிகள் கேட்பார்கள். ஒன்று காலையில் எழுந்தவுடன் எடுத்ததாயிருப்பது நலம். வாயைக் கொப்பளித்து, ஆழ மூச்சிழுத்து, மார்பின் அடியிலிருந்து இருமி எடுக்கவேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் சோதனை பயன் தராது. இதனை வீட்டு அறைக்குள் செய்யாமல் திறந்த வெளியில் செய்க. முன்னாளில் நுண்பெருக்கிக் கண்ணாடி ஒன்றையே நம்பியிருந்தோம். சளியில் கிருமிகள் ஆயிரக்கணக்கில் இருந்தால்தான் அதில் புலப்படும். இன்று சி.பி.நாட், ட்ரூநாட் என்னும் கருவிகள் கிருமியின் மரபணுவையே தேடிப் பிடிக்கின்றன. சில மணி நேரத்திற்குள் நோய் உண்டா என்பதையும், ரிஃபாம்பிசின் என்னும் முக்கிய மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் அவை தெரிவித்துவிடும். ட்ரூநாட் நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்ட கருவி என்பது நாம் பெருமைப்படத்தக்கது.

அடையாளம் மறைந்து நிற்கும் சிலரைப் பற்றியும் எச்சரிக்க விரும்புகிறேன். குழந்தைகள் சளியைத் துப்பத் தெரியாமல் விழுங்கிவிடுவர். விளையாட்டில் நாட்டமின்மை, எடை ஏறாமை, விடாத காய்ச்சல் இவையே அவர்களிடம் தெரியும். தோளில் பி.சி.ஜி. தழும்பு இருக்கிறதே என்று நிம்மதி கொள்ளாதீர்கள். சிறு குழந்தைகளை மூளைக் காய்ச்சல் போன்ற கொடிய காச வகைகளினின்று அது காக்கும். பெரியவர்களின் நுரையீரல் நோயை அது உறுதியாகத் தடுப்பதில்லை. முதியவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் அடையாளங்கள் மங்கலாகவே தோன்றலாம். வார்ப்படச் சாலை, தீச்செங்கல் சூளை, கல்லுடைக்கும் ஆலை ஆகியவற்றில் பணிபுரிந்தவர்களின் நுரையீரலில் படியும் மணல்தூசு, காசநோய்க்குப் பாதையமைத்துக் கொடுக்கிறது. இந்த இரும்பாலை நகரத்தில் ஓய்வு பெற்று வாழும் பெரியவர்கள், இருமலைத் தூசியின் தலையில் சுமத்திவிடலாகாது.

2019 முதல் 2021 வரை நம் நாட்டில் நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பு இரண்டு உண்மைகளை வெளிப்படுத்தியது. அடையாளங்கள் உள்ளவர்களில் நூற்றுக்கு 60-க்கும் மேற்பட்டோர் சிகிச்சையே நாடவில்லை. கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் நூற்றுக்கு 40-க்கும் மேற்பட்டோர், அடையாளங்களை மட்டும் கேட்டிருந்தால் தப்பிப்போயிருப்பர்; மார்பு எக்ஸ்ரே எடுத்ததனாலேயே அகப்பட்டனர். ஆகையால் வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியானால், ஏனையோர் நலமாக இருப்பதாகத் தோன்றினாலும் எக்ஸ்ரே எடுத்துக்கொள்வதே அறிவுடைமை. நோயில்லை என்று தெரிந்தபின் அவர்களுக்குத் தடுப்பு மாத்திரையும் உண்டு.

நோய் உறுதியானால் என்ன செய்வது? பெரும்பாலோருக்கு ஆறு மாத மருந்து போதும். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைக் கண்டு சிலர் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அது ரிஃபாம்பிசினின் நிறமேயன்றி வேறில்லை. கண் மஞ்சளாதல், ஓயாத வாந்தி, பார்வை மங்கல் ஆகியவை தோன்றினால் மட்டும் உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும். சில வாரங்களில் இருமல் தணியும், பசியெடுக்கும், உடல் தேறும். ஆபத்தான காலம் அதுதான். குணமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்துபவர் உடலில் எஞ்சிய கிருமிகள் மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்கின்றன. பிறகு அவற்றை வெல்வது கடினம்.

நோயாளியைத் தனித்து அனுப்பிவிட வேண்டுமா? இக்கேள்விக்கு நம் சென்னையே உலகுக்கு விடை தந்தது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், ஏறத்தாழ இருநூறு ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருத்துவமனையிலும் மற்றவர்க்கு வீட்டிலும் சிகிச்சையளித்தது. நல்ல உணவும் ஓய்வும் மருத்துவமனையில்தான். ஆயினும் குணமடைவதில் இரு பிரிவினருக்கும் பெரிய வேற்றுமையில்லை. வீட்டிலிருந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் தீங்கும் நேரவில்லை என்று 1959-ல் வெளியான முடிவுகள் காட்டின. முறையாக மருந்துண்ணும் நோயாளி வீட்டிற்கு அபாயமாக இருப்பது சில வாரங்களே. அதுவரை முகக்கவசம், சன்னலைத் திறந்து வைத்தல், வாயை மூடி இருமுதல் போதும். தட்டாலும் தம்ளராலும் கைகுலுக்கலாலும் துணியாலும் இந்நோய் பரவுவதில்லை. தனித் தட்டு வைத்துத் திண்ணையில் அமர்த்துவது நோயைத் தடுக்காது, மனத்தைத்தான் நோகடிக்கும்.

உணவும் ஒரு மருந்தே. நாம் வாழும் இந்த ஜார்க்கண்ட் மாநிலத்திலேயே அண்மையில் ஓர் ஆய்வு நடந்தது. நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்துப் பார்த்ததில், அக்குடும்பங்களில் நுரையீரல் காசம் புதிதாகத் தோன்றுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2023-ல் அதன் முடிவுகள் வெளியாயின. சாதாரணச் சோறும் பருப்பும் ஆற்றிய அரும்பணி இது! நோயாளிகளின் உணவுக்காக அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கியது. 2024 நவம்பர் முதல் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியது. கேட்டுப் பெறுவதில் வெட்கம் வேண்டாம்.

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் நமக்கு இன்னொரு பாடம் கற்பிக்கிறது. நோய் உறுதியான அன்றே சில குறிகளை அங்கே பார்க்கிறார்கள். உடல் மிக மெலிந்திருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு விரைகிறதா, இரத்தத்தில் பிராணவாயு குறைந்திருக்கிறதா, பிறர் துணையின்றி நிற்க முடிகிறதா என்பவையே அவை. இக்குறி உள்ளவரை வீட்டில் வைத்துக்கொள்ளலாகாது, மருத்துவமனையில் சேர்க்கவேண்டும்.

இறுதியாக, பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கென்று உள்ள மூன்று கடமைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, மொழி. ஆண்கள் ஆலையில் இந்தி பழகிவிடுகிறார்கள். வீட்டோடு இருக்கும் தாய்மார்களும், ஊரிலிருந்து வந்து தங்கியுள்ள முதியோரும் மருத்துவரிடம் தம் துன்பத்தைச் சொல்ல வார்த்தையின்றி விழிக்கிறார்கள். இருமலுக்கு காம்சி, காய்ச்சலுக்கு புகார், சளிக்கு பல்கம், எடைக்கு வஜன் என்னும் நான்கு சொற்களையேனும் கற்றுக்கொள்ளுங்கள். மொழி அறிந்த மகளிர் ஒருவர், அறியாதவருடன் துணைக்குச் செல்வது இச்சங்கம் செய்யக்கூடிய உயர்ந்த தொண்டுகளில் ஒன்றாகும்.

இரண்டு, ஊருக்கு அனுப்பும் வழக்கம். நோய் என்றதும் மருமகளைப் பிறந்தகத்துக்கும் தந்தையைக் கிராமத்துக்கும் ரயிலேற்றிவிடுகிறோம். இங்கே தொடங்கிய மருந்து அங்கே தொடராமல் அறுந்துபோகிறது. போகத்தான் வேண்டுமெனில் மருத்துவமனையில் சொல்லிவிட்டுப் போங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் நிக்ஷய் என்னும் பதிவெண் ஒன்று தருகிறார்கள். அதைக் கொண்டு சிகிச்சையைத் தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு மாற்றிக்கொள்ளலாம். புதிய இடத்தில் மருந்து கிடைக்கும்வரை தேவையான மாத்திரையைக் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். ஐயமெழுந்தால் 1800-11-6666 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் உண்டு.

மூன்று, மறைத்தல். பெண்ணுக்கு வரன் அமையாது, பையனுக்கு வேலை போய்விடும், அண்டை வீட்டார் வாசற்படி மிதிக்கமாட்டார் என்று அஞ்சியே குடும்பங்கள் வாயை மூடிக்கொள்கின்றன. மறைக்கும் குடும்பத்தின் மேல் மட்டும் குற்றம் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. மறைக்கும்படி அவர்களை நிர்ப்பந்திப்பது நாம்தான். நம்முடைய பார்வையும் பேச்சுந்தான். மருந்து முடித்துக் குணமடைந்த பெண் மணம் புரியலாம், மகப்பேறு காணலாம். குணமடைந்த இளைஞர் எல்லாரையும் போல் உழைக்கலாம். இதை ஒருவருக்கொருவர் சொல்லி, ஒருவருக்கொருவர் நடந்து காட்டினால், மறைக்கவேண்டிய தேவையே எவருக்கும் எழாது.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பலகாரத் தட்டோடு அடுத்த வீட்டுக்குச் செல்லும் நல்ல வழக்கம் நம் காலனியில் இன்னும் இருக்கிறது. அந்த வீட்டில் யாரேனும் மூன்றாவது வாரமாக இருமிக்கொண்டிருந்தால், அதையும் அன்போடு விசாரியுங்கள். “சோதித்துப் பார்த்தீர்களா? வாருங்கள், நானும் உடன் வருகிறேன்” என்று ஒரு சொல் சொல்லுங்கள். அச்சொல் ஒரு குடும்பத்தைக் காக்கக்கூடும்.